டாக்டர் ஹூ தொடரின் தரம் குறித்த இரசிகர் விவாதங்கள்

டாக்டர் ஹூ என்பது பிபிசி தயாரித்து ஒளிபரப்பும் பிரித்தானிய அறிபுனைத் தொலைக்காட்சித் தொடர் ஆகும். காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கும் 'டாக்டர்' என்னும் வேற்றுக்கோளவர் இதன் மையப் பாத்திரம். 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய இத்தொடர் 1989இல் நின்றது. 1996இல் ஒரேயொரு தொலைக்காட்சித் திரைப்படமாக வந்தது. 2005இல் மீண்டும் தொடங்கியது. தொடரின் எந்தக் காலகட்டம் சிறந்தது, தரம் எப்போது குறைந்தது என்பவை இதன் இரசிகர்கள் பல பத்தாண்டுகளாக விவாதித்து வரும் கேள்விகள்.

விவாதத்தின் அடிப்படை

1966இல் முதன்மை நடிகர் வில்லியம் ஆர்ட்னெல் விலகியபோது, டாக்டர் இறக்கும் நிலையில் புதிய உடலைப் பெறுவார் என்ற ஏற்பாடு கதையில் புகுத்தப்பட்டது. பாட்ரிக் திரௌட்டன் அடுத்த டாக்டர் ஆனார். இந்த ஏற்பாடே தொடரின் நீண்ட ஆயுளுக்குக் காரணம். ஆனால் நடிகரோடு தயாரிப்பாளரும் எழுத்தாளர்களும் கதையின் தொனியும் அவ்வப்போது மாறியதால், ஒரே பெயரில் பல தொடர்கள் ஓடியது போன்ற நிலை உண்டானது. சிறுவயதில் தாம் பார்த்த டாக்டரையே அளவுகோலாகக் கொள்ளும் வழக்கமும் இரசிகர்களிடம் உண்டு. எனவே ஒரு தலைமுறை 'வீழ்ச்சி' என்று கருதும் காலம் அடுத்த தலைமுறைக்குப் 'பொற்காலம்' ஆகிவிடுகிறது.

'தி டெட்லி அசாசின்'

1976இல் ராபர்ட் ஓம்சு எழுதிய 'தி டெட்லி அசாசின்' என்னும் நான்கு பகுதிக் கதை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அதுவரை தெய்வங்களைப் போலக் காட்டப்பட்ட 'டைம் லார்டு' இனத்தவரை, பதவிப்போட்டியில் மூழ்கிய முதியவர்களாக இக்கதை காட்டியது. அதே ஆண்டில் உருவான இரசிகர் சங்கத்தின் தலைவர், தொடரின் மாயம் தொலைந்துவிட்டதாகக் கடுமையான விமர்சனம் எழுதினார். மூன்றாம் பகுதியின் முடிவில் டாக்டரின் தலை நீருக்குள் அமிழ்த்தப்படும் காட்சியை, ஒளிபரப்பு ஒழுக்கத்துக்காகப் போராடிய மேரி வொயிட்அவுசு எதிர்த்தார்; பிபிசி வருத்தம் தெரிவித்தது. ஆயினும் டைம் லார்டுகளின் கோளான காலிஃபிரேயைப் பற்றிய பிற்காலக் கதைகள் பலவும் இக்கதை வகுத்த உலகின் மீதே எழுப்பப்பட்டன. இன்று பல இரசிகர்கள் இதனைத் தொடரின் சிறந்த கதைகளுள் ஒன்றாக மதிக்கின்றனர்.

பார்க்க இயலாத கதைகள்

1960களிலும் 1970களிலும் பிபிசி பழைய ஒளிப்பதிவு நாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்தியது. இதனால் முதல் இரு டாக்டர்களின் பல பகுதிகள் தொலைந்துபோயின. வீட்டில் பதிவு செய்யப்பட்ட ஒலிநாடாக்கள், புதின வடிவங்கள், மூத்தவர்களின் நினைவுகள் ஆகியவற்றைக் கொண்டே இக்கதைகளின் தரம் மதிப்பிடப்பட்டது.

1967இல் ஒளிபரப்பான 'தி டூம் ஆஃப் தி சைபர்மென்' மிகச்சிறந்த கதை என்று நெடுங்காலம் போற்றப்பட்டது. 1991இல் ஆங்காங்கில் அதன் படச்சுருள்கள் கிடைத்து, மறு ஆண்டு காணொளி நாடாவாக வெளிவந்தபோது, நினைவில் இருந்த அளவுக்குப் பிரமாண்டம் திரையில் இல்லை என்று சிலர் ஏமாற்றம் அடைந்தனர். 'தி எனிமி ஆஃப் தி வேர்ல்டு' கதைக்கு இதன் நேரெதிர் நிகழ்ந்தது. எஞ்சியிருந்த ஒரேயொரு பகுதியை வைத்துச் சாதாரணக் கதை எனக் கருதப்பட்ட அது, நைசீரியாவில் கண்டெடுக்கப்பட்டு 2013இல் முழுமையாக வெளியானதும் பெரும் பாராட்டைப் பெற்றது. டாக்டராகவும் கொடுங்கோலனாகவும் திரௌட்டன் நடித்த இரட்டை வேடம் அப்போதுதான் முழுமையாகத் தெரியவந்தது.

1980களின் நெருக்கடி

1985இல் பிபிசி தொடரை 18 மாதங்கள் நிறுத்திவைத்தது. அப்போதைய பிபிசி 1 கட்டுப்பாட்டாளர் மைக்கேல் கிரேடு தொடரின் தரத்தை வெளிப்படையாகக் குறை கூறினார். இது இரசிகர்களை இக்கட்டில் தள்ளியது. தொடரை விமர்சித்தால் அதை நிறுத்த விரும்புவோர்க்கு ஆயுதம் கிடைக்கும்; வாளாவிருந்தால் குறைகள் தொடரும்.

1986இல் தொடர் திரும்பிய பின், பிபிசியின் 'ஓப்பன் ஏர்' நிகழ்ச்சியில் இளம் இரசிகர்கள் சிலர் தொடரின் எழுத்தாளர்களிடமே குறைகளை எடுத்துரைத்தனர். அவர்களுள் ஒருவர் பதின்ம வயதினரான கிரிசு சிப்னல். அடுத்த ஆண்டுகளில் தொடர், 'கொரோனேசன் ஸ்ட்ரீட்' என்னும் புகழ்பெற்ற நெடுந்தொடருக்கு எதிரான நேரத்தில் ஒளிபரப்பப்பட்டு, 1989இல் முடிவுற்றது. அந்த இறுதி ஆண்டுகளின் கதைகளுக்கும் பின்னாளில் மதிப்பு கூடியது.

இரசிகர்களே படைப்பாளிகளாக

2005க்குப் பின் தொடரை வழிநடத்திய இரசல் டி டேவிசு, ஸ்டீவன் மொஃபட், சிப்னல் ஆகிய மூவரும் சிறுவயது முதலே இதன் இரசிகர்கள். டேவிசின் கதைகளில் உணர்ச்சி மிகை என்றும், மொஃபட்டின் கதைகளில் சிக்கல் மிகை என்றும் குறை கூறப்பட்டது.

சிப்னல் 2018 முதல் 2022 வரை பொறுப்பில் இருந்தார். முதல் பெண் டாக்டராக ஜோடி விட்டேக்கர் நடித்த காலம் இது. 2020இல் வெளியான 'தி டைம்லெஸ் சில்ரன்' கதை, டாக்டர் காலிஃபிரேயில் பிறந்தவர் அல்லர் என்றும், ஆர்ட்னெலுக்கு முன்பே அவருக்குப் பல வாழ்வுகள் இருந்தன என்றும் காட்டியது. தொடரின் வரலாறே குலைக்கப்பட்டதாக ஒரு சாராரும், டாக்டர் யார் என்ற புதிர் மீட்கப்பட்டதாக மற்றொரு சாராரும் வாதிட்டனர். 1976இல் எழுந்ததைப் போன்ற வாதமே இது. இளமையில் கேள்வி கேட்டவர் இப்போது பதில் சொல்லும் இடத்தில் இருந்தார்.

வாக்கெடுப்புகள்

'டாக்டர் ஹூ மேகசீன்' இதழ் 2009இல் 200 கதைகளைத் தரவரிசைப்படுத்த வாசகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. 'தி கேவ்ஸ் ஆஃப் ஆன்ட்ரோசானி' முதலிடமும் 'தி டுவின் டைலமா' கடைசி இடமும் பெற்றன. 2014 வாக்கெடுப்பில் 50ஆம் ஆண்டுச் சிறப்புக் கதையான 'தி டே ஆஃப் தி டாக்டர்' முதலிடம் பெற்றது. கடைசி இடம் மாறவில்லை.

2009இல் முதலிடமும் கடைசி இடமும் பெற்ற கதைகள் இரண்டும் 1984 மார்ச்சில், ஒரே தயாரிப்பாளரின் கீழ், அடுத்தடுத்து ஒளிபரப்பானவை. ஒரு காலகட்டம் முழுவதையும் நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரே சொல்லில் மதிப்பிட இயலாது என்பதை இவ்வொரு மாதம் காட்டுகிறது.