பெரிய வீட்டுக்குப் போனா பின்கட்டையும் பாருங்க!

லீவு விட்டாச்சு. 'எங்கேடா போலாம்?'னு அவிநாசி பஸ் ஸ்டாண்டில் நின்னு மண்டையை உடைச்சுக்கிற கேங்கா நீங்க? ஊட்டி போயாச்சு, தியேட்டரும் போயாச்சு. ஒரு சேஞ்சுக்கு ஈரோடு பஸ் ஏறுங்க. அங்கே பெரியார் வீதியில் இருக்கு, நாம பார்க்கப் போற வீடு.

பேரு, பெரியார் - அண்ணா நினைவகம். பெரியார் குடும்பத்தோட வீடு. 1930-களின் கடைசியில் ஈரோட்டில் இருந்துகொண்டு பெரியாரின் பத்திரிகைகளில் வேலை பார்த்தவர் அண்ணா. அதான் ரெண்டு பேர் பேரும் சேர்ந்து நிற்குது. இப்போ அரசு நினைவகம். உள்ளே போனா சுவர் முழுக்கப் போட்டோக்கள்.

'அட, போட்டோ பார்க்கவா இவ்வளவு தூரம்?'னு அலுத்துக்காதீங்க. கொஞ்சம் கதை கேளுங்க.

பெரியாரின் அப்பா வெங்கடப்ப நாயக்கர், கல் வேலை செய்றவங்ககிட்ட கூலியா இருந்தவர். அப்புறம் மாட்டு வண்டி, சின்னக் கடை, மண்டின்னு படிப்படியா ஏறி, ஊரில் பெரிய பணக்காரர் ஆனார். அந்தப் பணத்துக்கு நடுவில் 1879-ல் பிறந்த பையன், வேற சாதி வீடுகளில் தண்ணி குடிச்சான்னு வீட்டில் காலில் விலங்கு மாட்டினாங்களாம். பின்னாளில் அவரே சொன்ன கதை இது!

அந்தப் பையன்தான் ஈரோடு நகராட்சித் தலைவர் ஆகி, 1919-ல் பதவியை விட்டுட்டு காங்கிரஸுக்குப் போனார். கள்ளு வேண்டாம்னு முடிவான உடனே, சொந்தத் தோப்பில் 500-க்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்ச்சார். 1921-ல் ஈரோடு கள்ளுக்கடை மறியலுக்கு முன்னால நின்னது யார் தெரியுமா? மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும். வசதியான வீட்டுப் பெண்கள் வாசல் தாண்டவே யோசிச்ச காலம் அது!

இங்கேதான் நமக்கு ஒரு பாடம். பெரிய வீடுன்னா தூணையும் கதவையும் பார்த்து 'சூப்பர்!'னு சொல்லிட்டு வந்துடுறோம். அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே தெற்கு மாநிலங்களில் உள்நாட்டுப் போருக்கு முன்னால கட்டின மாளிகைகள் பல, இன்னிக்கு மியூசியம். லூசியானாவில் 1859-ல் கட்டி முடிச்ச நாட்டோவே மாளிகையின் முதலாளிகிட்ட 155 அடிமைகள் இருந்தாங்க. 2025 மே மாசம் அந்த மாளிகை எரிஞ்சுபோச்சு. 'வரலாறே போச்சே'ன்னு ஒரு கூட்டம் வருத்தப்பட்டது. 'யார் ரத்தத்தில் எழும்பின வீடு அது?'ன்னு இன்னொரு கூட்டம் கேட்டது. அதே மாநிலத்தில் 2014-ல் திறந்த விட்னி மியூசியம், முதலாளியை ஓரம் கட்டிட்டு, அடிமைகளின் கதையையே சொல்லுது.

நம்ம பக்கம் அந்த மாதிரி அடிமைச் சந்தை இல்லைதான். ஆனா நம்ம அம்முச்சி ஊர் தொட்டிக்கட்டு வீட்டை நினைச்சுப் பாருங்க. உள்ளே எத்தனை தூண்னு நமக்குத் தெரியும். காட்டு வேலைக்கு வந்தவங்க எதுவரைக்கும் வரலாம், அவங்களுக்கு டீ எந்த டம்ளரில் கொடுத்தாங்கன்னு என்னிக்காவது கேட்டிருக்கோமா? தனி டம்ளர் பார்த்த கண்கள் இன்னும் நம்ம வீடுகளில் இருக்கு பாஸ்.

ஈரோட்டு வீடு இன்னிக்கும் நிற்கிறது அதன் பணத்துக்காக இல்லை. அந்தப் பணத்தையும் சாதிப் பெருமையையும் உதறிட்டு வெளியே வந்தவங்களுக்காக. அதனால அங்கே போட்டோ எடுத்துக்கோங்க, தப்பில்லை. ஆனா ஊருக்குத் திரும்பினதும் அம்முச்சி பக்கத்தில் உட்கார்ந்து அந்த டம்ளர் கதையைக் கேளுங்க. அவங்க ஒரு நிமிஷம் பேசாம இருந்தாலும் விடாதீங்க, காத்திருந்து கேளுங்க!