ஃப்ளோர்ஷைம்: பெயர் மட்டும் மிஞ்சிய காலணி

தஞ்சை வட்டாரத்து மளிகைக் கடைகளில் ‘டீலக்ஸ் பொன்னி’ என்று கேட்டு வாங்கப்படும் அரிசி, காவிரியின் பெயரைத் தாங்கிய பொன்னி ரகம் அன்று. ஆந்திரத்தின் பாபட்லாவிலிருந்து 1986-இல் வெளிவந்த பி.பி.டி. 5204 என்னும் சன்ன ரகமே அப்பெயரில் விற்கப்படுகிறது என்பது நெல் வியாபாரிகள் அறிந்த செய்தி. மாறி வந்த ரகமும் நல்ல ரகமே என்பதால் உண்பவருக்கு இதில் பெரிய நட்டமில்லை. ஆனால், நம்பிப் பழகிய ஒரு பெயருக்குள் இருக்கும் பொருள், பெயர் மாறாமலே மட்டமாகிப்போவதும் உண்டு. அதற்கு வணிக வரலாறு தரும் தெளிவான சான்றுகளுள் ஒன்று, அமெரிக்காவின் ஃப்ளோர்ஷைம் என்னும் ஆடவர் காலணி. அதன் கதையில் இந்தியாவும் இடம்பெறுகிறது.

1892-இல் சிகாகோவில் மில்டன் ஃப்ளோர்ஷைம் தொடங்கிய இந்நிறுவனம், கோட்டு அணிந்து அலுவலகம் செல்லும் நடுத்தர வர்க்கத்தாரின் காலணியாக வளர்ந்து, 1960-களிலும் 1970-களிலும் ‘இம்பீரியல்’ என்னும் உயர்வரிசையால் பெரும்புகழ் பெற்றது. அப்புகழுக்குக் காரணம் விளம்பரமன்று, தையலே. ‘வெல்ட்’ எனப்படும் முறையில், காலணியின் மேல்தோலும் உள்ளங்கால் படியும் உட்தோலும் விளிம்பைச் சுற்றி ஓடும் ஒரு தோல் வாருடன் சேர்த்துத் தைக்கப்பட, அடித்தோல் அந்த வாரோடு மட்டும் வேறொரு நூலால் தைக்கப்படுகிறது. உட்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவில் நிரப்பப்படும் தக்கைத்தூள், நாளடைவில் அணிபவரின் பாதத்துக்கேற்ப அமுங்கிக்கொள்கிறது. அடித்தோல் தேய்ந்தால் அந்த வெளித்தையலைப் பிரித்துப் புதியது தைத்துக்கொள்ளலாம், மேல்தோலைத் தொட வேண்டியதே இல்லை. இத்தையலுக்கான இயந்திரத்தை 1870-களில் நிலைபெறச் செய்தவர், ரப்பரைக் கந்தகத்தால் பதப்படுத்தும் முறையைக் கண்ட சார்லஸ் குட்இயரின் அதே பெயருடைய மகன். குட்இயர் டயர் நிறுவனத்துக்கும் இக்குடும்பத்துக்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பில்லை என்பது பலரும் அறியாதது.

இம்பீரியல் வரிசையின் சில காலணிகள், குதிரையின் பின்தொடைத் தோலுக்குள் இருக்கும் அடர்ந்த படலத்தை மாதக்கணக்கில் தாவரச் சாறுகளில் ஊறவைத்துப் பதனிடும் ‘கார்டோவன்’ தோலால் ஆனவை. குதிகாலில் தேய்மானத்தைத் தாங்க ‘வி’ வடிவ உலோகத் தகடு பதித்திருந்தார்கள். அக்காலத்துக் காலணிகள் இன்றும் பழம்பொருள் சந்தையில் தேடி வாங்கப்பட்டு, அடித்தோல் மாற்றி அணியப்படுகின்றன.

சரிவுக்கான வித்து பட்டறையில் விழவில்லை, கணக்குப் புத்தகத்தில் விழுந்தது. 1950-களின் தொடக்கத்தில் ஃப்ளோர்ஷைமை இன்டர்நேஷனல் ஷூ கம்பெனி வாங்கியது. பின்னாளில் இன்டர்கோ எனப் பெயர் மாறிய அப்பெருநிறுவனத்தை 1988-இல் வெளியார் கைப்பற்ற முயன்றபோது, அதைத் தடுக்க நிர்வாகம் பெருங்கடன் வாங்கிப் பங்குதாரர்களுக்கு வாரி வழங்கி, அந்தக் கடனைக் கட்ட முடியாமல் 1991-இல் திவால் நீதிமன்றத்தை அடைந்தது. 1994-இல் ஃப்ளோர்ஷைம் தனியே பிரிக்கப்பட்டது. 2002-இல் அதுவும் திவாலானது. அவ்வாண்டே அதை வாங்கிய வேய்கோ நிறுவனத்தை நடத்துவோர் ஃப்ளோர்ஷைம் குடும்பத்தின் வழித்தோன்றல்களே. குடும்பத்துப் பெயர் குடும்பத்துக்கே திரும்பியது, ஆனால் பழைய அமெரிக்கத் தொழிற்சாலைகள் திரும்பவில்லை. சரக்கில் பெரும்பகுதி சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தது. பெரும்பாலான காலணிகளில் தையலின் இடத்தைப் பசை பிடித்தது. வெல்ட் தையலை விடாத இம்பீரியல் காலணிகள் சிலவும் ‘இந்தியத் தயாரிப்பு’ என்ற முத்திரையுடன் வந்தன. அவற்றின் தோல் பிளாஸ்டிக் போலப் பளபளப்பதாகப் பழைய வாடிக்கையாளர்கள் குறைகூறினர்.

அக்குறையை இந்தியக் கைகளின் மேல் சுமத்துவது பிழை. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் உலகின் விலையுயர்ந்த காலணிகளும் மலிவானவையும் தைக்கப்படுகின்றன. எதைத் தைப்பது என்பதை முடிவு செய்வது தைப்பவர் அல்லர், ஆர்டர் கொடுப்பவர். தோலில் உள்ள வடுக்களைத் தேய்த்து நீக்கி, மேலே வண்ணப்பூச்சு ஏற்றி, செயற்கை ரேகையை அழுத்திப் பதித்தால் அது ‘திருத்திய தோல்’; இயற்கை மேற்பரப்பு அப்படியே இருப்பது முழுத் தோல். நுகத்தடித் தழும்பும் உண்ணிக் கடியும் சூட்டுக்கோல் வடுவும் உள்ள உழவு மாட்டுத் தோலில் வடுவற்ற பகுதி குறைவு. ஆகவே முழுத் தோல் விலை கூடியது, திருத்திய தோல் மலிவு. ஆர்டரில் மலிவைக் கேட்பவருக்கு மலிவே கிடைக்கும். நாளடைவில் மடிப்பு விழும் இடத்தில் அந்தப் பூச்சு வெடிக்கிறது, எத்தனை பாலிஷ் போட்டாலும் அது ஆறாது.

காவிரி டெல்டாவில் இக்கதைக்கு நேரடிப் பயன் ஒன்று உண்டு. கும்பகோணத்திலும் தஞ்சையிலும் மாப்பிள்ளை வரவேற்புக்கு வாங்கும் ஷூ, பெரும்பாலும் ஒரு மாலை அணியப்பட்டு, பிறகு பெட்டிக்குள் போய்விடுகிறது. அதன் அடிப்பகுதி பாலியுரித்தேன் என்னும் நுரைப்பொருளாக இருந்தால், காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுகளைச் சிதைக்கிறது. சில ஆண்டுகள் கழித்து எடுத்து அணியும்போது, அதிகம் அணியப்படாத காலணியின் அடி மண்கட்டிபோல உதிர்கிறது. மழைக்கால ஈரம் மிகுந்த ஆற்றுப் படுகையில் இது இன்னும் விரைவாக நேரலாம்.

தை முகூர்த்தத்துக்கு ஷூ வாங்குவோர் பெட்டியின் மேலுள்ள பெயரைப் படித்ததோடு நில்லாமல், காலணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். விளிம்பில் தெரியும் தையல் அடியிலும் தொடர்கிறதா, அல்லது அழகுக்காகப் பதித்த வெறும் கோடா என்று பார்த்து, ‘இதற்கு அடி மாற்றித் தைக்கலாமா?’ என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.