ஒன்றரை ஷிப்ட் ஊரும் அம்பேத்கரின் 48 மணி நேரமும்

2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. வேலை நேர விதிகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்த அந்தத் திருத்தம், நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழி திறந்தது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் அந்தத் திருத்தம் நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார்.

திருப்பூருக்கு 12 மணி நேரம் புதிதல்ல. காலை எட்டரைக்குப் பனியன் கம்பெனிக்குள் போனவர் இரவு எட்டரைக்கு வெளியே வந்தால் அங்கே அதற்கு ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று பெயர். கப்பலேற்றும் தேதி நெருங்கினால் இரண்டு ஷிப்டும் உண்டு. பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் ஓட்டும் டெய்லரும், அவருக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் கைமடியும் கடிகாரத்தைப் பார்ப்பதைவிடச் சனிக்கிழமைச் சம்பளத்தைத்தான் அதிகம் பார்க்கிறார்கள்.

வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சிகாகோவின் எட்டு மணி நேரப் போராட்டத்தைச் சொல்வார்கள். உலக வரலாற்றுக்கு அது சரி. இந்தியாவின் சட்டப் புத்தகத்துக்குள் 48 மணி நேரம் நுழைந்தது 1946இல். அதுவரை ஆண்டு முழுவதும் இயங்கும் தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரம் வேலை வாங்கச் சட்டம் இடம் தந்திருந்தது. அதை 48 ஆகக் குறைத்த திருத்தத்தைக் கொண்டுவந்தது, வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறைக்குப் பொறுப்பேற்றிருந்த டாக்டர் அம்பேத்கர்.

அரசியல் சட்டத்தைக் கையில் ஏந்திய அம்பேத்கரை எல்லா ஊர்களிலும் காணலாம். தீண்டாமையை எதிர்த்தவர், இட ஒதுக்கீட்டுக்கு அடித்தளமிட்டவர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். முதலாளித்துவத்தைப் பற்றியும் வறுமையைப் பற்றியும் வாழ்நாளெல்லாம் எழுதிய பொருளாதார அறிஞர், ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் நடத்திய தலைவர் என்ற பாதி மட்டும் இருட்டில் கிடக்கிறது. கொலம்பியாவிலும் லண்டனிலும் அவர் முனைவர் பட்டங்கள் பெற்றதே பொருளாதாரத்தில்தான். அந்தப் பாதியைப் படிக்க வேறெந்த ஊரையும்விடத் துணித் தொழிலின் ஊருக்கே அதிகக் காரணம் இருக்கிறது.

ஏனென்றால் அவருடைய வாதம் தொடங்கும் இடமே ஒரு நெசவுக் கூடம். பம்பாய் ஆலைகளில் அதிகச் சம்பளம் கிடைத்த பிரிவு நெசவு. நாடாவில் ஊடை நூல் தீர்ந்ததும் புதுக் கட்டையைப் பொருத்தி, நூல் முனையை வாயால் உறிஞ்சி வெளியே இழுக்க வேண்டும். தீண்டத்தகாதவர் எனப்பட்டவர் வாய் வைத்த நாடாவை நாங்கள் தொடமாட்டோம் என்றனர் மற்றத் தொழிலாளர்கள். அதனால் சம்பளம் குறைந்த நூற்புப் பிரிவே தலித்துகளுக்கு மிஞ்சியது. கதவை அடைத்தது முதலாளி மட்டுமல்ல, சக தொழிலாளியும்கூட. 1928இல் பம்பாயில் மாபெரும் ஆலை வேலைநிறுத்தம் நடந்தபோது, இந்த அநீதியையும் கோரிக்கைகளில் சேர்க்க வேண்டும் என்று அம்பேத்கர் வற்புறுத்தினார். சங்கத் தலைவர்களிடம் அதற்கு உற்சாகம் இருக்கவில்லை.

சாதி என்பது வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்பவர்களையே பிரித்துவைப்பது என்று 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் அவர் எழுதியபோது இந்த அனுபவம் பின்னால் இருந்தது. லாகூரில் பேச விடாமல் தடுக்கப்பட்ட அந்த உரையை, திருப்பூருக்குப் பக்கத்திலுள்ள ஈரோட்டிலிருந்து பெரியார் தமிழில் வெளியிட்டார்.

அதே 1936இல் அம்பேத்கர் தொடங்கிய கட்சியின் பெயர் சுதந்திரத் தொழிலாளர் கட்சி. பெயரில் சாதி இல்லை, தொழில்தான் இருந்தது. கொங்கணத்தில் கோத்தி எனப்பட்ட இடைத்தரகு நிலவுடைமையை ஒழிக்க அவர் மசோதா கொண்டுவந்தார். அதை ஆதரித்து 1938 ஜனவரியில் பல்லாயிரம் விவசாயிகள் பம்பாய்ச் சட்டமன்றத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். அடுத்த மாதம் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் பேசியபோது, இந்நாட்டு உழைப்பாளிக்குப் பார்ப்பனியம், முதலாளித்துவம் என இரண்டு பகைவர்கள் என்றார். ஒன்றை மட்டும் எதிர்ப்பவர்களோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. எனினும் வேலைநிறுத்த உரிமையை முடக்கும் தொழில் தகராறு மசோதாவைப் பம்பாயின் காங்கிரஸ் அரசு கொண்டுவந்தபோது, டாங்கே உள்ளிட்ட கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து 1938 நவம்பர் 7 அன்று ஒருநாள் வேலைநிறுத்தத்தை நடத்தினார். வேலை செய்ய மறுப்பதைக் குற்றமாக்குவது மனிதரை அடிமையாக்குவது என்பது அவையில் அவர் வைத்த வாதம்.

அம்பேத்கரைப் போலவே, அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங்கின் நினைவிலும் தொழிலாளர் பக்கம் நின்ற பாதி இருட்டில் கிடக்கிறது. 1963 வாஷிங்டன் பேரணியின் முழுப்பெயரில் விடுதலைக்கு முன்னால் வேலைவாய்ப்பு இருந்தது. 1968இல் எல்லா நிறத்து ஏழைகளையும் தலைநகருக்குத் திரட்டும் இயக்கத்துக்கு அவர் ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். ஏப்ரல் 4 அன்று சுடப்பட்டபோது அவர் இருந்தது மெம்பிஸில். போயிருந்தது துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக.

திருப்பூர் ஆயத்த ஆடைத் தொழிலில் பெண்கள் பெருந்திரளாக உழைக்கிறார்கள். செக்கிங், பேக்கிங், பிசிர் வெட்டுவது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் கையில். இப்படி உழைக்கும் பெண்களுக்காக 1928இலேயே பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்து அம்பேத்கர் பேசியிருக்கிறார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்குக் கிடைக்கும் ஓய்வு நாட்டுக்கே நன்மை, ஆகவே செலவில் பெரும்பங்கை அரசு ஏற்கலாம், அதற்காக அவள் உழைப்பில் லாபம் காணும் முதலாளி கை கழுவிவிட முடியாது என்றார். தொழிலாளருக்கு உடல்நலக் காப்பீட்டுத் திட்டம் வகுக்கும் பணி அவர் துறையின் கீழ் பேராசிரியர் அடார்கரிடம் ஒப்படைக்கப்பட்டு, 1948இல் இ.எஸ்.ஐ. சட்டமாயிற்று. பல லட்சம் பேர் உழைக்கும் திருப்பூரில் 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2019 பிப்ரவரியில். எழுபது ஆண்டுத் தாமதம் இது, சாதாரணமாகக் கடந்துபோகக் கூடியதல்ல.

இவ்வளவும் சொன்னதால் அம்பேத்கர் தொழில் வளர்ச்சிக்கு எதிரி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1918இல் சிறு நிலங்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, துண்டு நிலத்தில் வேலையின்றி முடங்கிக் கிடக்கும் கைகளுக்குத் தொழிற்சாலைதான் வழி என்று வாதிட்டவர் அவர். காந்தியின் கதர் இயக்கத்துக்குத் தமிழகத்தில் முக்கிய மையமாக இருந்தது திருப்பூர். ராட்டையை ஏழ்மைக்கு மருந்தாக அம்பேத்கர் ஏற்கவில்லை. இயந்திரம் மனிதனுக்கு ஓய்வு தரும், ஓய்வு இருந்தால்தான் அறிவு வளரும். தீங்கு இயந்திரத்தில் இல்லை, அதன் பலனை ஒருசிலர் மட்டும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் இருக்கிறது என்பது அவர் கருத்து. கதரிலிருந்து பனியனுக்கும், பனியனிலிருந்து ஏற்றுமதிக்கும் திருப்பூர் நகர்ந்ததை அவர் வரவேற்றிருப்பார் என்றே தோன்றுகிறது. அந்த ஓய்வு யாருக்குக் கிடைத்தது என்பது அவர் அடுத்துக் கேட்டிருக்கக்கூடிய கேள்வி.

உழைத்தால் எவரும் முதலாளி ஆகலாம் என்பது திருப்பூர் தன்னைப் பற்றிச் சொல்லும் பெருமைக் கதை. அதில் உண்மை இருக்கிறது. தொழிலாளியாய் நுழைந்து கம்பெனி நடத்துமளவு உயர்ந்தவர்கள் அங்கே ஏராளம். அவர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஷரத் சாரி, 2004இல் வெளியிட்ட நூலில் இன்னொன்றையும் காட்டினார். அப்படி உயர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் கொங்கு வேளாளக் கவுண்டர்கள். அவர்களின் வியர்வைக்குப் பின்னால் நிலமும், உறவுமுறைக் கடனும், சொந்தச் சாதியின் நம்பிக்கையும் நின்றன. அருந்ததியர் குடும்பத்துப் பிள்ளையும் அதே மிஷினில் அதே நேரம் உட்கார்ந்திருக்கலாம். அவர் பின்னால் அந்த மூன்றும் இல்லை.

கீர்ட் டி நேவ், கிரேஸ் கார்ஸ்வெல் என்ற ஆய்வாளர்கள் 2014இல் திருப்பூர் வட்டார ஊர்கள் இரண்டை ஒப்பிட்டு எழுதினார்கள். ஒன்றில் தலித்துகள் தினமும் பனியன் கம்பெனிக்குப் போய் வந்தார்கள். பண்ணையத்தின் பிடி தளர்ந்திருந்தது, ஊருக்குள் தலை நிமிர்ந்திருந்தது. மற்றதில் உள்ளூர் விசைத்தறிக் கூடங்களில் முன்பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்தார்கள். கடன் தீரவில்லை, தறியைவிட்டு நகர முடியவில்லை, சாதிக் கட்டும் அசையவில்லை. தொழில் சாதியைத் தானாக உடைத்துவிடும் என்போருக்கும், தொழிலால் எதுவும் மாறாது என்போருக்கும் இந்த இரண்டு ஊர்களில் பதில் இருக்கிறது. கடனும் ஒப்பந்தமும் யார் கையில் இருக்கின்றன என்பதே முடிவு செய்கிறது.

இதே முடிச்சைத்தான் 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற ஆவணத்தில் அம்பேத்கர் அவிழ்க்கப் பார்த்தார். வேலையில்லாதவனிடம் ஒரு வேலையை நீட்டி, சங்கம் சேராதே, நேரம் கேட்காதே என்று சொன்னால் தன் அடிப்படை உரிமைகளை அவன் தானே விட்டுக்கொடுப்பான் என்றார். அரசு தலையிடாத சுதந்திரம் யாருக்குச் சுதந்திரம் என்று கேட்டு, குத்தகையை உயர்த்த நிலவுடைமையாளருக்கும், வேலை நேரத்தைக் கூட்டிக் கூலியைக் குறைக்க முதலாளிக்கும் என்று பதிலும் சொன்னார். அடிப்படைத் தொழில்களும் காப்பீடும் விவசாயமும் அரசின் கையில். நிலம் சாதி பாராமல் கூட்டுப் பண்ணையாகக் குத்தகைக்கு. இவை அத்தனையும் அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும், தேர்தலுக்குத் தேர்தல் மாறும் பெரும்பான்மை அதில் கை வைக்கக் கூடாது. இதுதான் அவர் திட்டம். அவரே வரைவுக் குழுத் தலைவரான பிறகும் அரசியல் சட்டத்தில் இது ஏறவில்லை. வாழ்வதற்கேற்ற ஊதியம் 43ஆம் பிரிவில் வழிகாட்டு நெறியாக மட்டும் நின்றது. நீதிமன்றம் போய்க் கேட்டுப் பெற முடியாத நெறி. கூட்டுப் பண்ணை பற்றிய நம்பிக்கையை இன்று பலர் ஏற்கமாட்டார்கள். ஏற்காமலே அந்த வேலையில்லாதவனைப் பற்றிய வாதத்தை எடுத்துக்கொள்ளலாம்.

சட்டம் இருந்தும் ஊதியம் கைக்கு வருவது எவ்வளவு பாடு என்பதைத் திருப்பூர் நன்றாக அறியும். 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் அது. குறைந்தபட்சக் கூலி மசோதாவை அம்பேத்கர் 1946 ஏப்ரலில் அறிமுகப்படுத்தினார்; 1948இல் அது சட்டமாயிற்று. ஐந்து ஆண்டுக்கு மிகாமல் கூலியை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றது அச்சட்டம். தமிழகத்தில் தையல் தொழிலுக்கு 2004க்குப் பிறகு கூலி உயர்த்தப்பட்டது 2014 டிசம்பரில். அதையும் எதிர்த்து உரிமையாளர்கள் வழக்காடினார்கள். 2016 ஜூலையில்தான் சென்னை உயர்நீதிமன்றம் அரசாணை செல்லும் என்றது.

இதற்கிடையில் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் வளரிளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்று ஆண்டு முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி வேலை வாங்கினார்கள். வந்த பெண்களில் பலர் தலித் வீட்டுப் பிள்ளைகள். இடையில் கிளம்பினால் அந்தப் பணம் கிடைக்காது என்ற பயமே பூட்டாக இருந்தது. 1947 ஆவணம் எச்சரித்த பேரம் இதுவேதான்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. 1948இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் தொழிற்சாலைகள் சட்டமும் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு அவற்றின் கீழும் தொடர்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா விதித்த 50 சதவீத வரியில் ஆர்டர்கள் குறைந்து, ஒன்றரை ஷிப்டை நம்பிக் குடும்பம் நடத்தியவர்கள் தவித்தார்கள். எட்டு மணி நேரக் கூலியில் ஒரு குடும்பம் பிழைக்க முடியாது என்பதால்தான் அவர்கள் 12 மணி நேரத்தைத் தேடிப் போகிறார்கள். நேரத்தையும் கூலியையும் அம்பேத்கர் 1946இல் சேர்த்தே கையாண்டதன் பொருள் இங்கேதான் புரிகிறது. ஆகவே சங்கங்கள் இனி உட்காரும் ஒவ்வொரு கூலி ஒப்பந்தப் பேச்சிலும், வீட்டுத் திண்ணையில் மூட்டை மூட்டையாகப் பிசிர் வெட்டிக்கொண்டு இ.எஸ்.ஐ.யும் பி.எஃப்பும் இல்லாமல் இருக்கும் பெண்களின் பீஸ் ரேட்டும் மேசைக்கு வர வேண்டும்.