வியூஃபைண்டரில் சரியாகத் தெரிந்தது, படத்தில் ஏன் மாறுகிறது?

திருப்பூரிலிருந்து அவிநாசி போகும் சாலையில் இருக்கிறது அனுப்பர்பாளையம். வெளியூர்க்காரர்களுக்குத் திருப்பூர் என்றால் பனியன். உள்ளூர்க்காரர்களிடம் அனுப்பர்பாளையம் என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது பாத்திரம். பித்தளைக் குடமும் எவர்சில்வர் அண்டாவும் செய்யும் பட்டறைகள் ஒருபக்கம், பனியன் கம்பெனிகள் மறுபக்கம். இரண்டு சரக்கையும் இன்று பலர் போன் திரையில் படம் பார்த்துத்தான் விலை கேட்கிறார்கள்.

ஆனால் கேமராவுக்கு இந்த இரண்டையும்விடத் தொல்லை பிடித்த பொருள் கிடையாது. பாலிஷ் போட்ட குடம் எதிரில் இருப்பதையெல்லாம் தன் வயிற்றில் காட்டும். பின்னல் துணியோ தன்னிடம் இல்லாத கோடுகளைக் காட்டும். "பாக்கும்போது சரியாத்தாங்க இருந்துச்சு, படத்துல மாறிப்போச்சு" என்று போட்டோ எடுப்பவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண் வைத்துப் பார்த்த வியூஃபைண்டர் வேறொன்றைக் காட்டியிருக்கிறது.

கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் மாடல் எதையும் கொண்டுவரவில்லை. "கையில் இருப்பதை விற்றுவிட்டு மிரர்லெஸ் வாங்கலாமா?" என்று ஸ்டுடியோக்காரர்கள் கணக்குப் போடும் நேரம் இது. இரண்டுக்கும் முக்கியமான வித்தியாசமே இந்த வியூஃபைண்டர்தான். அதனால் அது எப்படி வேலை செய்கிறது, எங்கே ஏமாற்றும் என்று பார்த்துவிடுவது நல்லது.

தனி ஜன்னல்

ஒரு தலைமுறைக்கு முன் நம் ஊர் வீடுகளில் பரவலாக இருந்த கேமரா ஆக்ஃபா கிளிக் 3. குஜராத்தின் வடோதராவில் தயாரானது. அதில் லென்ஸ் ஓரிடத்தில் இருக்கும், கண் வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னல் அதற்குச் சற்று மேலே தனியாக இருக்கும். நீங்கள் பார்ப்பது ஜன்னல் வழியே, படம் விழுவது லென்ஸ் வழியே. பள்ளியில் அளவுகோலைச் சாய்வாகப் பார்த்து அளந்தால் வருமே, இடமாறு தோற்றப் பிழை, அதேதான் இது.

ஜன்னல் லென்ஸுக்கு 5 செ.மீ. மேலே இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் நேராகப் பார்த்தால், எவ்வளவு தூரத்திலும் படம் அதே 5 செ.மீ. கீழே தள்ளித்தான் விழும். பத்தடி தள்ளி நிற்கும் கல்யாணக் கூட்டத்தில் 5 செ.மீ. யாருக்கும் தெரியாது. குழந்தையின் முகத்தைக் கிட்டத்தில் எடுத்தால் அந்த 5 செ.மீ.தான் நெற்றி. பழைய ஆல்பங்களில் தலை வெட்டுப்பட்ட படங்கள் பலவற்றுக்குக் காரணம் இதுதான். பாவம், பழி எடுத்தவர் கைமேல் விழுந்தது.

இதே ஜன்னலை வைத்துக் குடத்தைப் படம் எடுத்தால் இன்னும் மோசம். பளபளப்பில் எது தெரியும் என்பது பார்க்கும் இடத்தைப் பொறுத்தது. கண் ஓரிடத்திலும் லென்ஸ் ஓரிடத்திலும் இருந்தால், நீங்கள் பார்க்கும் பிம்பம் வேறு, கேமரா பார்க்கும் பிம்பம் வேறு.

தலை குனிந்து பார்த்த காலம்

ஸ்டுடியோக்களில் யாஷிகாவும் ரோலிஃப்ளெக்ஸும் ஆண்ட காலம் ஒன்று இருந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் எடுப்பதற்கு. மேலே வரும் வெளிச்சத்தை உள்ளே சாய்வாக வைத்த கண்ணாடி திருப்பி, தலைப்பக்கம் இருக்கும் மங்கல் கண்ணாடியில் விழவைக்கும். கேமராவை வயிற்றருகே பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டும். பிம்பம் இடவலம் மாறித் தெரியும். ஆள் வலப்பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் இடப்பக்கம் போவார். பழக்கமில்லாதவர் கேமராவைத் தப்பான பக்கமே திருப்பிக்கொண்டிருப்பார்.

ஃபோகஸ் பார்ப்பதற்கு இது அருமையான கருவி. ஆனாலும் லென்ஸ் இரண்டு என்பதால், கிட்டத்தில் போனால் அதே இடமாறு பிழை உண்டு. ஒரு ஃபிலிம் சுருளில் 12 படம். ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1967-ல் உற்பத்தி தொடங்கி 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் விற்றது. பக்கத்து மலையிலேயே ஃபிலிம் செய்தாலும், கழுவிப் பார்க்கும்வரை தப்பு தெரியாது என்ற நிலை மாறவில்லை.

லென்ஸ் பார்ப்பதையே கண்ணும் பார்க்க

இதற்குத் தீர்வாக வந்ததுதான் எஸ்எல்ஆர். ஒரே லென்ஸ். அதன் பின்னால் 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி. வெளிச்சம் மேலே திரும்பி மங்கல் திரையில் விழும். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஐங்கோணப் பிரிசம், இடவலம் மாறிய பிம்பத்தை நேராக்கிக் கண்ணுக்கு அனுப்பும். கேமராவின் தலையில் கூம்பு மாதிரி புடைத்திருப்பது அதுதான். 35 எம்.எம். கேமராவில் இந்தப் பிரிசத்தை 1949-ல் ஜெர்மனியின் கான்டாக்ஸ் எஸ் கொண்டுவந்தது. 1959-ல் வந்த நிக்கான் எஃப் அதை உலகம் முழுக்கப் பரப்பியது. சினிமாவில் 1937-லேயே ஆரிஃப்ளெக்ஸ், சுழலும் ஷட்டரில் கண்ணாடியைப் பொருத்தி இதே காரியத்தைச் செய்துவிட்டது.

விலை குறைந்த டிஎஸ்எல்ஆர்களில் கனமான பிரிசத்துக்குப் பதில் சின்னக் கண்ணாடிகளை ஒட்டியிருப்பார்கள். எடையும் விலையும் குறையும், காட்சி கொஞ்சம் மங்கும். இதைவிடக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கேனான் 1500டி, நிக்கான் டி3500 போன்றவற்றில் வியூஃபைண்டர் காட்டுவது நீளத்திலும் உயரத்திலும் சுமார் 95 சதவீதம்தான். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: படத்தின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு கண்ணுக்கே வராது. டீஷர்ட்டைச் சுற்றிப் பளிச்சென்று வெள்ளைப் பின்னணிதானே இருந்தது, ஓரத்தில் பிளக் பாயிண்ட் எங்கிருந்து வந்தது என்றால், அங்கிருந்துதான். 5டி மார்க் 4, டி850 மாதிரி விலை கூடியவற்றில் ஏறக்குறைய 100 சதவீதமும் தெரியும்.

குடத்துக்கு வருவோம். வளைந்து புடைத்த பளபளப்பில், லென்ஸை நேருக்கு நேர் பார்க்கும் ஒரு புள்ளி எப்போதும் இருந்தே தீரும். அதனால் கேமராவின் கறுப்புப் புள்ளியை முழுசாக ஒழிக்க முடியாது. தள்ளி நின்று அதைச் சிறிதாக்கலாம், வேலைப்பாட்டுக்குள் ஒளிக்கலாம். எங்கே விழுகிறது என்று பார்த்து நகர்த்த, லென்ஸ் வழியே காட்டும் வியூஃபைண்டர்தான் உதவும். "போலரைசர் மாட்டினா போயிடும்" என்பார்கள். கண்ணாடிக்கும் வார்னிஷுக்கும் அது சரி. வெறும் உலோகத்தின் பளபளப்பு போலரைசருக்கு அடங்காது, ஃபில்டரைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும். வெள்ளைப் பனியன் துணியைக் கூடாரமாகக் கட்டி, லென்ஸ் நுழைய மட்டும் இடம் விட்டு எடுப்பது நல்ல பலன் தரும். துணிக்கு நம் ஊரில் பஞ்சமா என்ன!

பின்னல் துணி காட்டும் பொய்க் கோடு

கண்ணாடி வழியே பார்க்கும் எஸ்எல்ஆர் ஒன்றை மட்டும் காட்டவே காட்டாது: சென்சார் என்ன பார்க்கிறது என்பதை. இரண்டு கொசுவலையை ஒன்றின்மேல் ஒன்று போட்டு நகர்த்திப் பாருங்கள், அலை அலையாகக் கோடு ஓடும். ஜெர்சி, ரிப் துணிகளின் கண்ணி வரிசையும் சென்சாரின் பிக்சல் வரிசையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் சந்தித்தால், இதே கோடு படத்தில் விழும். பெயர் மொய்ரே. கண்ணுக்குத் துணி சுத்தமாகத் தெரியும், கம்ப்யூட்டரில் போட்டால் வானவில் வரி. பார்க்கிற பையர் துணியில்தான் ஏதோ பழுது என்று நினைப்பார்.

மிரர்லெஸ் கேமராவில் கண்ணாடியே கிடையாது. சென்சார் பார்ப்பதை ஒரு குட்டித் திரையில் போட்டு, அதைத்தான் கண்ணுக்குக் காட்டுகிறார்கள். 2008-ல் வந்த பானாசோனிக் ஜி1 இதற்கு வழி திறந்தது. வெளிச்சம் கூடுதலா குறைவா, ஒயிட் பேலன்ஸ் சரியா என்பதெல்லாம் பட்டனை அழுத்தும் முன்பே தெரியும்.

ஆனால் இதுவும் ஏமாற்றும். 23.6 லட்சம் புள்ளி கொண்ட திரை என்று பெட்டியில் போட்டிருந்தால், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்துதான் ஒரு பிக்சல். ஆக 1024-க்கு 768 பிக்சல். 6000-க்கு 4000 பிக்சல் படத்தை அதில் சுருக்கிக் காட்டும்போது, படத்தில் இல்லாத மொய்ரே திரையில் தெரியலாம், படத்தில் இருப்பது திரையில் மறையலாம். பெரிதாக்கி, 100 சதவீதத்தில் பார்த்தால்தான் உண்மை. கோடு இருந்தால் ஓரடி முன்னே பின்னே நகருங்கள், கோணத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள்.

ஷேடு விஷயத்திலும் அப்படித்தான். டியூப் லைட்டில் நீலம் பச்சையாக இழுப்பதை இந்தத் திரை முன்கூட்டியே காட்டும், உண்மை. அதற்காக அதையே ஷேடு கார்டாக நினைக்கக் கூடாது. கம்பெனியில் டி65, டிஎல்84 விளக்குகள் போட்ட லைட் பாக்ஸில் துணியை வைத்துத்தானே ஷேடு பார்க்கிறோம்? அந்த வேலையைக் கண்ணருகே இருக்கும் குட்டித் திரை செய்யாது. முதல் படத்தில் கிரே கார்டு வைத்து எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

புதிதாக மாறுகிறவர்கள் திகைக்கும் இடம் இன்னொன்று. ஸ்டுடியோ ஃபிளாஷுக்காக 1/125, எஃப் 11, ஐஎஸ்ஓ 100 வைத்ததும் வியூஃபைண்டர் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். கேமரா கெட்டுப்போகவில்லை. ஃபிளாஷ் இன்னும் அடிக்கவில்லையே, அறை வெளிச்சத்தை மட்டும் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. சோனியில் 'செட்டிங் எஃபெக்ட்', கேனானில் 'எக்ஸ்போஷர் சிமுலேஷன்' என்ற வசதியை அணைத்தால் வெளிச்சம் வந்துவிடும். மட்டமான எல்இடி விளக்கின் கீழே திரையில் பட்டை பட்டையாக ஓடினால், அது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தால் விளக்கு நொடிக்கு 100 முறை துடிப்பது. ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வையுங்கள்.

அப்போ, விற்கலாமா?

மேஜையில் குடமோ டீஷர்ட்டோ வைத்து எடுக்கும் வேலைதான் உங்களுடையது என்றால் அவசரப்பட வேண்டாம். டிஎஸ்எல்ஆரில் லைவ் வியூ பட்டனை அழுத்தினால் கண்ணாடி மேலே போய், பின்பக்கத் திரையில் சென்சார் பார்ப்பதே தெரியும். ஓரம் விடுபடாது, பெரிதாக்கி மொய்ரே பார்க்கலாம். ஸ்டாண்டில் வைத்து எடுக்கும்போது மிரர்லெஸ் காட்டுவதை ஏறக்குறைய அப்படியே இதுவும் காட்டும், செலவில்லாமல். மண்டபத்தில் ஓடி ஓடி எடுப்பவர் நிலை வேறு. கண்ணைக் கேமராவில் வைத்தபடியே வெளிச்சம் மாறுவதைப் பார்க்க முடிவது அவருக்குப் பெரிய உதவி. கூடுதல் பேட்டரி மட்டும் கட்டாயம் வேண்டும், திரை மின்சாரம் குடிக்கும்.

எந்தக் கேமராவானாலும், கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கண் பவருக்கு ஏற்ப அதைத் திருப்பி, உள்ளே எண்கள் கூர்மையாகத் தெரியும்படி வைக்க வேண்டும். பையில் உரசி அது நகர்ந்துவிட்டால் உள்ளே எல்லாம் மங்கலாகத் தெரியும். ஃபோகஸ் போய்விட்டது என்று சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பும் முன் அதைத் திருப்பிப் பாருங்கள்.