பாதி வேலையை நீர் செய்யும்!

நான் பள்ளியில் படித்த காலத்தில் வாரம் ஒரு முறை ஓவிய வகுப்பு இருந்தது. அந்த வகுப்பிலிருந்து எனக்கு விலக்கு. இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் என் வலது தோளும் முழங்கையும் வலுவிழந்துவிட்டன. விரல்கள் பிடிக்கும், கை உயராது. இடது கை ஓரளவு அசையும், அதன் விரல்கள் எதையும் பற்றாது. ஓவிய ஆசிரியர் நல்லவர். 'உனக்கு ஏன் சிரமம்?' என்று நூலகத்துக்கு அனுப்பிவிடுவார். நானும் மகிழ்ச்சியாகவே போனேன். அந்த விலக்கு கருணையால் அளிக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால், தூரிகையை முதன்முதலில் கையில் எடுத்தபோது எனக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது.

பேத்திக்கு வாங்கிய வண்ணப்பெட்டியில்தான் தொடங்கினேன். அது நீர்வண்ணமாக அமைந்தது தற்செயல். வேறு எந்த வகை வண்ணமாக இருந்திருந்தாலும் ஒரு வாரத்தில் கைவிட்டிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

அதற்குக் காரணங்கள் உண்டு. எண்ணெய் வண்ண ஓவியத்தைப் பெரும்பாலும் தாங்கியில் நிமிர்த்தி வைத்துத் தீட்டுவார்கள். கையை அந்தரத்தில் நீட்டிப் பிடித்திருக்க வேண்டும். குழம்பாக உள்ள வண்ணத்தைக் கடினமான தூரிகையால் தள்ள வேண்டும். மெழுகு வண்ணக்குச்சியை அழுத்தித் தேய்த்தால்தான் நிறம் பிடிக்கும். நீர்வண்ணத்தை மேசைமீது தாளைக் கிடத்தியே தீட்டலாம். மணிக்கட்டு மேசையில் சாய்ந்திருக்க, நனைந்த தூரிகையின் நுனி தாளைத் தொட்டாலே போதும். வேலம் பிசினில் குழைத்த நிறமியை நீர் சுமந்து சென்று தாளின் இழைகளில் படியவைக்கிறது. வண்ணத்தைப் பரப்பும் பாதி வேலை நீருடையது.

என்னைப் போன்றவர்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. களைத்துப்போனால் நிறுத்திவிடலாம். தட்டில் காய்ந்த வண்ணத்தை மறுநாள் ஒரு சொட்டு நீர் விட்டு எழுப்பிக்கொள்ளலாம். கழுவுவதற்கு டர்பன்டைன் தேவையில்லை. அதன் நெடி மூச்சுத்திணறல் உள்ளவர்களை வருத்தும்.

ஆனால், இடர்கள் இல்லாமல் இல்லை. வானம் தீட்டுவதற்குத் தாளின் இக்கரையிலிருந்து அக்கரைவரை ஒரே வீச்சில் தூரிகையை இழுக்க வேண்டும் என்பது பாடநூல் விதி. என் கை ஒரு சாணுக்கு மேல் நகராது. முதல் நான்கு மாதங்கள் என் வானங்கள் எல்லாம் ஒட்டுப்போட்ட வேட்டிபோல் இருந்தன. வண்ணத்தின் ஓரம் உலர்ந்த பிறகு அடுத்த கோட்டைச் சேர்த்தால், சேரும் இடத்தில் தழும்பு விழும்.

விடை உணவு விடுதி ஒன்றில் கிடைத்தது. சாப்பாட்டு மேசையின் நடுவே, குழம்பையும் கூட்டையும் அவரவர் பக்கம் திருப்பிக்கொள்ள ஒரு சுழல்தட்டு வைத்திருந்தார்கள். அதேபோன்ற தட்டொன்றை வாங்கி, அதன்மீது பலகையை வைத்தேன். இப்போது தூரிகை ஓரிடத்திலேயே இருக்கிறது. இடது கையின் புறங்கையால் பலகையைத் தள்ளுகிறேன். தாள் தூரிகையிடம் வருகிறது. வானம் முழுவதையும் நிரப்ப வேண்டுமானால், முதலில் பஞ்சால் தாளை நனைத்துவிட்டு, மேல் ஓரத்தில் வண்ணத்தை வைத்துப் பலகையைச் சாய்த்தால் போதும். வண்ணம் தானே இறங்கிவரும். தாள் சீக்கிரம் உலராமல் இருக்க மின்விசிறியை நிறுத்த வேண்டும். சித்திரை மாதத்தில் இது சிறிய தியாகம் அன்று.

ஒவ்வோர் உடலுக்கும் ஏற்றவாறு வழி வேறுபடும். பிடிப்பு குறைந்த விரல்களுக்கு, தூரிகையின் காம்பில் மிதிவண்டிக் கைப்பிடியின் ரப்பர் உறையைச் செருகித் தடிமனாக்கலாம். விரலே பிடிக்காதவர்கள் உள்ளங்கையைச் சுற்றிய பட்டையில் தூரிகையைச் செருகிக்கொள்ளலாம். நடுங்கும் கை ஈரத்தாளில் இடும் கோடு கசிந்து மென்மையாகிவிடுவதால் நடுக்கம் தெரியாது. நீர் வைக்கும் பாத்திரம் பிளாஸ்டிக் குவளையாக இருக்கக் கூடாது. அடி கனத்த பித்தளைக் கிண்ணமே சாயாமல் நிற்கும். செலவு செய்வதானால் தாளுக்குச் செய்யுங்கள். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள் விலை அதிகம்தான். மெல்லிய தாளோ நனைந்ததும் சுருங்கி மேடுபள்ளமாகிவிடும்; அந்தக் குற்றத்தை நம் கையின்மீது போட்டுக்கொள்வோம்.

உடல்நிலைக்கேற்ப ஓவியமுறையை மாற்றிக்கொள்வது கலைக்குப் புதிதன்று. 1914-இல் துனீசியப் பயணத்தில் வரைந்த நீர்வண்ணங்களால் பேர்பெற்ற பால் கிளீயை 1935-இல் தோலை இறுகச் செய்யும் நோய் தாக்கியது. அடுத்த ஆண்டில் அவரால் ஏறத்தாழ 25 படைப்புகளையே தர முடிந்தது. பின்னர் அவருடைய கோடுகள் தடித்தன, வடிவங்கள் எளிமையாயின. 1939-இல் மட்டும் 1,200-க்கும் மேற்பட்ட படைப்புகளை உருவாக்கினார். மறு ஆண்டு மறைந்தார்.

நம்மிடையே வாழ்ந்த மனோகர் தேவதாஸை எடுத்துக்கொள்வோம். விழித்திரை நோயால் பார்வைப் புலம் சுருங்கிக்கொண்டே வந்தபோதும், தாம் பிறந்த மதுரையைக் கோட்டோவியங்களாக வரைந்தார். 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவருடைய பார்வைக் குறைவைப் பற்றியே பேசுகிறார்கள். அந்தக் கோபுரங்களின் நுணுக்கத்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

இங்குதான் என் குறை இருக்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் வரைகிறார் என்றால், சமூகம் மூன்று காரணங்களையே ஏற்கிறது. ஒன்று, அது சிகிச்சை. இரண்டு, அது பிழைப்பு. மூன்று, அது மற்றவர்களுக்கு ஊக்கம் தரும் வியப்பு. மற்ற எவர் வரைந்தாலும் 'பொழுதுபோக்கு' என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடும். எவரும் காரணம் கேட்பதில்லை.

பிழைப்பை நான் இழிவாகக் கருதவில்லை. இளம்பிள்ளை வாதத்தால் கைகளின் இயக்கத்தை இழந்து, வாயால் வரைந்த ஜெர்மானிய ஓவியர் எரிக் ஸ்டெக்மன் 1956-இல் வாயாலும் காலாலும் வரையும் ஓவியர்களுக்கான சங்கத்தை லீக்டன்ஸ்டைனில் நிறுவினார். உறுப்பினர்களின் ஓவியங்கள் வாழ்த்து அட்டைகளாகவும் நாட்காட்டிகளாகவும் விற்கப்படுகின்றன. கொடை கேட்பதில்லை, பொருளை விற்கிறோம் என்பதே அதன் கொள்கை. பொருளாதார ஆசிரியன் என்ற முறையில் இதைப் போற்றுகிறேன். ஆனால், விற்காத ஓவியத்தை வரைந்தவருக்குக் கிடைத்தது என்ன? முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, ஓய்வு என்பது உழைப்பு போக எஞ்சிய நேரம் என்று கற்பித்தேன். அந்த வளைகோட்டைக் கரும்பலகையில் என்னால் வரைய முடியாது. மாணவர் ஒருவரை அழைத்து வரையச் சொல்வேன். எஞ்சிய அந்த நேரத்துக்குள் என்ன நிகழ்கிறது என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. ஈரத்தாளில் நீலம் மஞ்சளைத் தொட்டு, நான் எதிர்பாராத ஒரு பச்சையாக மாறும் அந்த அரை நிமிடத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 29-ஆவது பிரிவு பண்பாட்டு வாழ்வையும் பொழுதுபோக்கையும் உரிமையாகப் பேசுகிறது. மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கு வசதியும் ஆதரவும் அளிப்பதோடு, அவர்கள் பங்கேற்கும் வகையில் கலைப் பாடத்திட்டங்களை மாற்றியமைக்கவும் அது கூறுகிறது. இந்தச் சட்டம் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது வேலைவாய்ப்பில் 4 சதவீத ஒதுக்கீடு மட்டுமே. அது தேவைதான். 29-ஆவது பிரிவையும் சற்றுப் படிக்கலாம். அண்மையில் ஓர் ஓவியக் காட்சிக்கு அழைப்பு வந்தது. மாற்றுத்திறனாளி ஓவியர்களுக்கென்றே நடத்தியது. அரங்கு இரண்டாவது மாடியில், மின்தூக்கி இல்லை. என் இரு படங்களும் மேலே தொங்கின. கால் நன்றாக இருப்பதால் நான் ஏறிப் பார்த்தேன். சக்கர நாற்காலியில் வந்திருந்த நண்பர் தம் படத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டார்.

பாடத்திட்டம் மாறக் காலமாகலாம். இன்றும் ஏதோ ஒரு பள்ளியில் ஒரு குழந்தை ஓவிய வகுப்பின்போது நூலகத்துக்கோ விளையாட்டுத் திடலின் ஓரத்துக்கோ அன்போடு அனுப்பப்பட்டிருக்கும். அந்தக் குழந்தையின் ஆசிரியர் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தாளின் நான்கு ஓரங்களையும் ஒட்டுப்பட்டையால் பலகையில் ஒட்டி, பலகையின் ஒரு பக்கத்துக்குக் கீழே தடித்த புத்தகம் ஒன்றை வைத்து, மேலே சிறிது நீரைத் தடவிக் கொடுத்தால் போதும். முதல் வண்ணம் எங்கே என்பதை அந்தக் குழந்தை முடிவு செய்யட்டும்.