கயத்தாற்றில் நடந்தது விசாரணையா?

சாரல் தொடங்கினால் குற்றாலத்துக்குக் கூட்டம் வரும். தென்காசியில் என் புத்தக அலமாரிக்கு ஈரம் வரும். ஆனி, ஆடி முழுக்க வசம்பும் வேப்பிலையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அலமாரியில் பாதி, பழைய ராணுவச் சட்ட நூல்கள்.

இந்தப் பக்கத்தில் பட்டாளத்து வீடுகள் உண்டு. பெரியவர் காலமானதும் அவருடைய டிரங்குப் பெட்டிக் காகிதங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போகும். 1911ஆம் ஆண்டு ராணுவச் சட்டமோ, அதற்குப் பதிலாக வந்த 1950ஆம் ஆண்டுச் சட்டமோ அந்தக் கட்டில் கிடைத்தால் அட்டையைப் பார்க்காதீர்கள், உள்ளே ஒட்டியிருக்கும் திருத்தச் சீட்டுகளைப் பாருங்கள். விதி மாறிய கதை அந்தத் துண்டுக் காகிதங்களில்தான் இருக்கிறது. சீட்டுகளைப் பிய்த்தெடுத்த பிரதியை நான் வாங்குவதில்லை.

மோதி ராம் தொகுத்து 1946இல் வந்த செங்கோட்டை வழக்கு நூலும் தேடத் தகுந்தது. நம் செங்கோட்டை அல்ல, டெல்லியில் இருப்பது. நேதாஜி படையின் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவருக்காகப் பூலாபாய் தேசாய் ராணுவ நீதிமன்றத்தில் வாதாடிய வழக்கு அதில் இருக்கிறது.

ஆனால் நான் அடிக்கடி பிரிப்பது சட்ட நூலை அல்ல. கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தை.

1799 அக்டோபர் 16, கயத்தாறு. மேஜர் பானர்மேன் பாளையக்காரர்களைக் கூட்டிவைத்துக் கட்டபொம்மனை விசாரித்தார், அன்றே தூக்கிலிட்டார். படை நடத்தி வந்தவரே தீர்ப்பும் சொன்னார். ராணுவ நீதிமன்றம் எப்படி அமைய வேண்டும், சத்தியப் பிரமாணம், சாட்சியம், எதிர்வாதம் எப்படி நடக்க வேண்டும் என்று விளக்கும் டைட்லரின் நூல் அடுத்த ஆண்டே, 1800இல், அச்சேறியது. கட்டபொம்மனோ கும்பினிச் சிப்பாயே அல்லர். அவரை எந்தச் சட்டத்தின் கீழ் நிறுத்தினார்கள்? அதை விசாரணை என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

மறுநாள் பானர்மேன் மேலிடத்துக்கு எழுதிய கடிதம் கால்டுவெல் நூலில் இருக்கிறது. கட்டபொம்மன் அஞ்சாமல் நின்றதையும், எட்டயபுரம், சிவகிரிப் பாளையக்காரர்களை இகழ்ச்சியோடு பார்த்ததையும் தூக்கிலிட்டவரே பதிந்திருக்கிறார். சிவகிரி எங்கள் மாவட்டத்து ஊர். அந்த வரியைத் தாண்டுவது எனக்கு எளிதல்ல. மரத்தடிக்குப் போகும் வழியில் வாய் பேசாத தம்பியை எண்ணி மட்டுமே கவலைப்பட்டாராம். கோட்டையை விட்டு வந்திருக்கக் கூடாது, அதைக் காத்தபடியே செத்திருக்கலாம் என்று மரத்தடியில் நின்று வருந்தினாராம்.