கொள்கலனில் செல்லும் நிரல்

மும்பையின் கிழக்குப் புறநகரான செம்பூரில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அதன் தென்கிழக்கே, கடற்கழிக்கு அப்பால், 1989ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜவாகர்லால் நேரு துறைமுகம் அமைந்துள்ளது. அங்கு வந்திறங்கும் இரும்புக் கொள்கலன்கள் கப்பலிலிருந்து சரக்குந்துக்கும் தொடர்வண்டிக்கும் மாறிச் செல்கின்றன. உள்ளிருப்பது துணியாயினும் இயந்திரமாயினும் பெட்டியின் அளவு வரையறுக்கப்பட்டதே. ஆதலால் ஊர்தி மாறும்போது சரக்கைப் பிரித்து அடுக்க வேண்டுவதில்லை. இக்கருத்து கணினித் துறையிலும் பயன்படுகிறது.

செம்பூர் மாணவி ஒருவர் பைத்தான் மொழியில் ஒரு நிரல் எழுதுகிறார் எனக் கொள்வோம். அவர் கணினியில் அது செவ்வனே இயங்குகிறது. மாதுங்காவில் உள்ள தோழியின் கணினியிலோ இயங்க மறுக்கிறது. குறை நிரலில் இல்லை. தோழியிடம் இருப்பது பைத்தானின் பழைய பதிப்பு. தேவையான துணைத்தொகுப்பு ஒன்றும் அங்கு இல்லை. நிரலை, அதற்கு வேண்டிய பதிப்புகள், துணைத்தொகுப்புகள் ஆகியவற்றுடன் ஒரே பொதியாக்குவதே கொள்கலன் முறை. 2013இல் வெளிவந்த டாக்கர் என்னும் மென்பொருள் இம்முறையைப் பரவலாக்கியது.

நிரல் எழுதப் பயன்படும் கருவி நிரல்திருத்தி ஆகும். 2015இல் அறிமுகமான விஷுவல் ஸ்டுடியோ கோடு அவற்றுள் ஒன்று. தொலைவிலுள்ள கணினியிலும் கொள்கலனிலும் பணிபுரிவதற்கான நீட்சிகள் அதற்கு 2019இல் வந்தன. அவற்றைப் பயன்படுத்தும்போது திருத்தி இரு கூறுகளாக இயங்குகிறது. எழுத்தும் திரையும் நம் கணினியில் இருக்கும். நிரலை இயக்குதல், பிழை காணல் முதலிய பணிகள் மறுமுனையில் நடைபெறும். எனவே, வீட்டிலுள்ள எளிய கணினியிலிருந்தே, உரிய அனுமதியுடன், கல்லூரி ஆய்வகத்தின் ஆற்றல்மிக்க கணினியில் பணிபுரியலாம்.

கொள்கலனில் எவையெவை இடம்பெற வேண்டும் என்பது ஒரு குறிப்புக் கோப்பில் எழுதப்படும். நிரலுடன் அக்கோப்பையும் பெற்றால், மாதுங்காத் தோழி அதே சூழலைத் தம் கணினியிலும் உருவாக்கிக்கொள்ளலாம்.

எனினும் இருவகை விழிப்பு தேவை. இணைய இணைப்பு அறுந்தால் தொலைநிலைப் பணி தடைப்படும். கொள்கலனை நீக்கினால், அதனுள் மட்டும் சேமித்தவை அழிந்துபோகும். ஆகவே நிரற்கோப்புகளைக் கொள்கலனுக்கு வெளியிலுள்ள கோப்புறையில் வைத்தல் வேண்டும். பெட்டி மாறலாம், உழைப்பின் பயன் தொலைதல் ஆகாது.

சொல்லும் பொருளும்

நிரல் – கணினிக்கு இடப்படும் கட்டளைகளின் தொகுப்பு
நீட்சி – மென்பொருளுடன் இணைக்கும் கூடுதல் வசதி
கடற்கழி – நிலத்தினுள் புகுந்த கடல்நீர்ப் பகுதி
செவ்வனே – முறையாக

வினாக்களுக்கு விடையளிக்க

1. தோழியின் கணினியில் நிரல் இயங்காமைக்குக் காரணங்கள் யாவை?
2. துறைமுகக் கொள்கலனுக்கும் கணினிக் கொள்கலனுக்கும் உள்ள ஒப்புமையை எழுதுக.
3. நிரல்திருத்தியின் இரு கூறுகளும் எங்கெங்கு இயங்குகின்றன?
4. ‘நிரற்கோப்பு’ – பிரித்து எழுதுக.

சிந்தனை வினா

வீட்டில் எளிய கணினி மட்டுமே உடைய மாணவருக்குத் தொலைநிலைப் பணிமுறை எவ்வாறு உதவும்? அதன் வரம்புகள் யாவை?